டிக்கியில் மாட்டிய வூஃபர்

என் தம்பி நான்கு மாதம் கழித்து வாய் திறந்து கேட்ட முதல் பொருள் ஒரு வூஃபர். அதற்கு முன்னால் கார் டிக்கியை அளந்து வரச் சொன்னான். நீளம், அகலம், உயரம், பின்சீட்டு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எல்லாம் வேண்டும் என்றான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் "சரி, விடு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று பயம். என் மனைவியின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய், பின்கதவைத் தூக்கி, மடித்து வைத்திருந்த வீல்சேரை இறக்கிவிட்டு அளந்தேன். பழைய வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எண்களை எழுதிக் கொடுத்தேன். அவன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பன்னெண்டு இஞ்சு ஒக்காரும்" என்றான்.

நான் பொன்னமராவதிக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். எங்கள் ஊர் அங்கிருந்து எட்டு கிலோமீட்டர். தம்பி என்னைவிட ஆறு வயது சின்னவன். ப்ளஸ் டூவில் இயற்பியலில் தோற்று, மறுபடி எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு, புதுக்கோட்டையில் கார்களுக்குப் பாட்டு செட்டு மாட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பன்னிரண்டு வருடம் அங்கேதான் இருந்தான். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், தாழ்ந்த சத்தத்துக்கென்று டிக்கியில் வைக்கும் வூஃபர் பெட்டி என்று எதுவானாலும் அவன்தான் மாட்ட வேண்டும் என்று காத்திருந்து மாட்டிக்கொண்டு போகிற ஆட்கள் இருந்தார்கள். நான் கரும்பலகையில் வரைந்து காட்டிய மின்சுற்றுகளையெல்லாம் அவன் கையால் செய்துகொண்டிருந்தான். அதை நான் ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை.

அவன் வூஃபர் கேட்பதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தபோது நாய் குறுக்கே வந்தது. வண்டிக்குப் பெரிய சேதம் ஒன்றும் இல்லை. அவன் மட்டும் சின்னப் பாலத்தின் கைப்பிடிக் கட்டையில் முதுகு அடிபட விழுந்தான். திருச்சியில் ஒன்றரை மாதம் வைத்திருந்தோம். தண்டுவடம் மார்புக்கு நேராக அறுந்துவிட்டது என்றார்கள். அதற்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. கைகள் மட்டும் நன்றாக இருந்தன. அப்போது அவனுக்கு முப்பது வயது.

அவனைப் பிசியோதெரபி பயிற்சிக்குக் கூட்டிப்போவதற்காகத்தான் அந்தச் சின்னக் காரை வாங்கினேன். பழைய வண்டி. வாரத்துக்கு மூன்று நாள், பள்ளிக்கூடம் முடிந்ததும் அவனைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்து, வீல்சேரை மடித்து டிக்கியில் போட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போவோம். அம்மாவை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். ஆத்தா பின்சீட்டில் தலையணையும் தண்ணீர் பாட்டிலும் மாற்றுத் துணியுமாக உட்கார்ந்து வரும். ஒன்றரை வருடம் இப்படிப் போனோம். பிறகு ஒருநாள் அந்தப் பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கைக்கு வலு ஏறியிருக்கிறது, அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம், வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்றார். தம்பிக்குக் கேட்கக்கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் திரும்பி வரும் வழியில் அவன், "இனிமே வர வேணாம்ல?" என்று கேட்டான். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த நான்கு மாதம். சாப்பிடுவான், குளிப்பாட்டினால் குளிப்பான். பேச்சு இல்லை. செல்போனைக்கூட அணைத்துத் தலைமாட்டில் வைத்துவிட்டான். அதனால் அவன் வூஃபர் கேட்டபோது எங்கள் வீட்டில் யாருக்கும் அது வூஃபராகத் தெரியவில்லை. ஆத்தா அன்றைக்கு நாட்டுக்கோழி அடித்தது. என் மனைவி என்னிடம், அவர் எது கேட்டாலும் உடனே வாங்கிவிடுங்கள், யோசிக்காதீர்கள் என்றாள்.

அவன் வேலை பார்த்த கடைக்கே போனேன். எந்த வூஃபர், எந்த ஆம்ப்ளிஃபயர், பெட்டி எந்தப் பலகையில் செய்தது, எல்லாவற்றையும் அவன் எழுதிக் கொடுத்திருந்தான். கடைக்காரர் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்ததும் அது யார் கையெழுத்து என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சீட்டை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். காரை இங்கேயே கொண்டுவாருங்கள், ஆட்கள் மூன்று மணி நேரத்தில் மாட்டிவிடுவார்கள், அவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்றார். வீட்டுக்கு வந்து நான் அதைச் சொன்னேன்.

"அந்தக் கடைக்கு இந்தச் சேர்ல நான் போக மாட்டேன்" என்றான் தம்பி. "நீ மாட்டுண்ணே. நான் சொல்றேன்."

வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்துவதற்காகப் போட்ட தகரக் கொட்டகையில் அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்தோம். அவனை வீல்சேரில் வைத்துக் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அவனுடைய பழைய டூல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றச் சொன்னான். எனக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் எது என்று தெரியவில்லை. அவன் எடுத்துக் கொடுத்தான். பேட்டரியில் இருந்து கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு சிவப்பு வயர் கிளம்பி, இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கிற தகட்டைத் தாண்டி, கதவடிப் பிளாஸ்டிக்குக்கு உள்ளேயே ஓடி டிக்கி வரைக்கும் போக வேண்டும். தகட்டில் ஏற்கெனவே வயர்கள் போகிற ரப்பர் அடைப்பு ஒன்று இருக்கிறது, புதுசாக ஓட்டை போடாதே என்றான். அந்த ரப்பரைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆக்ஸிலேட்டருக்கு மேலே தலையைக் கொடுத்து, கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கையில் டார்ச்சோடு மல்லாந்து கிடந்தேன். வெளியில் இருந்து அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். "இன்னும் வலது பக்கம். அங்கிட்டு இல்லண்ணே, இங்கிட்டு. கைய விட்டுத் தடவு, கண்ணால தேடாத."

நான்கு மாதம் பேசாதவன் அன்று ஒரு நாளில் பேசியது, அதற்கு முன் வருடம் முழுக்கப் பேசியதைவிட அதிகம். சிவப்பு வயரை ஒரு பக்கமும் சிக்னல் வயரை இன்னொரு பக்கமும் கொண்டுபோக வேண்டும், இரண்டும் ஒட்டிப் போனால் இன்ஜின் ஓடும்போது கொசு மாதிரி ஒரு சத்தம் பாட்டில் கலக்கும் என்றான். எர்த் வயரை மாட்டுகிற இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய வேண்டும் என்றான். நான் சுரண்டியது போதாது என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினான். ஆத்தா அடிக்கடி வெளியே வந்து டீ வேண்டுமா, மோர் வேண்டுமா என்று கேட்டது. ஆத்தாவுக்கு மோர் கொடுப்பது முக்கியமில்லை. அவன் குரலைக் கேட்க வந்தது.

அன்றைக்கு வேலை முடியவில்லை. அடுத்த ஞாயிறும் உட்கார்ந்தோம். எங்கள் காரில் இருந்த பழைய செட்டில் வூஃபருக்கென்று தனி வழி இல்லை. பின் ஸ்பீக்கருக்குப் போகிற வயர்களில் இருந்து கிளை எடுத்து, ஒரு சின்னக் கருவிக்குள் கொடுத்து, அதிலிருந்துதான் ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த இணைப்புகளைச் சூடு வைத்து ஈயத்தால் ஒட்ட வேண்டும். நான் ஒட்டிய இரண்டும் அவன் லேசாக இழுத்ததும் கழன்று வந்துவிட்டன. "குடு, நானே வைக்கிறேன்" என்று மடியில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு கரண்ட்டில் சூடேறுகிற சால்டரிங் கம்பியை அவனே எடுத்தான். வயரின் மறுமுனையை அசையாமல் பிடித்துக்கொள்வது என் வேலை.

அவன் கை பதறவே இல்லை. ஒவ்வொரு இணைப்பும் ஒரு துளி பாதரசம் மாதிரி உருண்டு நின்றது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது முடி கருகுகிற மாதிரி ஒரு வாடை வந்தது. வயர் ஏதோ எரிகிறது என்று நினைத்தேன். பேட்டரி பக்கம் பார்த்தேன். டிக்கிக்குள் பார்த்தேன். அவனும் முகர்ந்து பார்த்துவிட்டு, "எங்கயோ ஷார்ட் ஆவுது, பாருண்ணே" என்றான். பிறகுதான் பார்த்தேன். இணைப்புக்கு இணைப்பு கம்பியைப் பலகையின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தான். அது உருண்டு அவன் தொடைமேல் விழுந்து, கைலியைத் துளைத்துக்கொண்டு உள்ளே கிடந்தது.

என் கண் போன இடத்துக்கு அவன் கண்ணும் போனது. கம்பியை எடுத்தான். கைலியில் சின்ன ஓட்டைதான். அதை விலக்கினால் உள்ளே சதை வெள்ளையாகி, சுற்றிலும் கருத்திருந்தது. அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்கு அடிபட்டதைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"இந்த ஒரு ஜாயிண்ட்ட முடிச்சுர்றேன், பிடி" என்றான்.

நான் பிடித்தேன். அவன் அந்த இணைப்பை முடித்து, ஊதி ஆற வைத்து, டேப்பைச் சுற்றிய பிறகுதான் நான் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். ஏன் பிடித்தேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். கத்தியிருக்கலாம், வயரைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். அவனுக்கு வலிக்கவில்லை என்பது தெரிந்ததும் அவசரம் என்கிற எண்ணமே எனக்கு வரவில்லை. அதுதான் உண்மை.

அந்தப் புண் ஆற மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. உணர்ச்சி இல்லாத இடத்தில் ரத்த ஓட்டமும் மந்தம், சீக்கிரம் ஆறாது என்று டாக்டர் சொன்னார். ஆழமாகப் போய்ச் சீழ் பிடித்து, புதுக்கோட்டையில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்த பிறகு தினமும் என் மனைவிதான் கட்டு மாற்றினாள். முதல் நாள் கொழுந்தனின் தொடையைத் தொடத் தயங்கி என்னைப் பார்த்தாள். அவனும் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு வாரத்தில் அவள் கட்டு மாற்றிக்கொண்டே பால்காரன் வராதது, கரண்ட் போனது எல்லாம் பேச ஆரம்பித்துவிட்டாள். அவனும் "ஆமா மதினி" என்று பதில் சொல்வான்.

ஆத்தா மட்டும் கொட்டகைப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டது. அந்தப் பெட்டியைத் தூக்கிக் கண்மாயில் போட்டுவிட்டு வா என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒருநாள் கட்டு மாற்றும்போது புண்ணைப் பார்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதது. தம்பி உள்ளிருந்து, "ஆத்தா, எனக்கு வலிக்கல. நீ ஏன் அழுவுற?" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். அதைக் கேட்டதும் ஆத்தாவின் அழுகை கூடிப்போனது.

புண் ஆறி முடிவதற்கு முன்பே அவன் மறுபடி வூஃபர் பேச்சை எடுத்தான். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பினான். அடுத்த ஞாயிறு நான் டூல்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை அவன் மடியில் எதையும் வைக்க நான் விடவில்லை. மிச்சமிருந்தது பெட்டியை டிக்கியில் நிலையாக இறுக்குவதுதான். எங்கே திருகாணி போட வேண்டும், எங்கே போட்டால் கீழே ஸ்டெப்னி டயரில் குத்தும், எங்கே போட்டால் பெட்ரோல் டேங்க் என்று காரைப் பார்க்காமலேயே சொன்னான். ஆம்ப்ளிஃபயரைப் பின்சீட்டின் முதுகில் மாட்டினேன். அன்று கழற்றியிருந்த பேட்டரியைத் திரும்ப இணைத்ததும் ஆம்ப்ளிஃபயரில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. என் வாழ்க்கையில் என் கையால் செய்து வேலை செய்த முதல் மின்சுற்று அது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு வீல்சேரை எடுத்து டிக்கியில் வைக்கப் போனேன். எப்படி மடித்தாலும் பின்கதவு மூடவில்லை. பெட்டி முக்கால்வாசி இடத்தை அடைத்திருந்தது. அளவெடுத்த அன்றே அவனுக்கு இது தெரிந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றிப் பின்சீட்டில் ஆத்தாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"எதுக்குண்ணே? நான் எங்க எறங்கப் போறேன்?" என்றான்.

நான் வீல்சேரை விரித்துக் கொட்டகை ஓரத்தில் நிறுத்தினேன்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவனைத் தூக்கி முன்சீட்டில் வைத்துக் கண்மாய்க்கரை ரோட்டுக்கு ஓட்டிப் போனேன். வீடுகள் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தச் சொன்னான். கடையில் வேலை பார்த்த காலத்தில் சோதித்துப் பார்க்க அவன் வைத்திருந்த பென்டிரைவ் சட்டைப்பையில் இருந்தது. அதில் ஒரு தவில் வாசிப்பு உண்டு. அதைப் போட்டான். ஆம்ப்ளிஃபயரில் இருக்கிற சின்னத் திருகை நான் பின்னால் நின்று ஸ்க்ரூ டிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, அவன் முன்னால் இருந்து சத்தத்தைக் கூட்டினான்.

நான் அப்படி ஒரு சத்தத்தை அதுவரை அனுபவித்ததில்லை. அது காதுக்கு வந்த சத்தமே இல்லை. அடிவயிற்றில் விழுந்தது. பேன்ட் துணி முழங்காலில் படபடத்தது. பின்கண்ணாடி அதிர்ந்து அதில் தெரிந்த மரம் கலங்கியது. கண்மாயில் நின்ற கொக்குகள் எழும்பிப் போயின. நன்றாக வேலை செய்கிறது என்று சொல்ல முன்பக்கம் ஓடினேன். அவன் கண்ணை மூடியிருந்தான். இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு தொடைகளின்மேல் விரித்து வைத்திருந்தான். ஜன்னல் வழியே என்னைப் பார்த்து, சீட்டைப் பின்னால் சாய்க்கச் சொன்னான். சாய்த்தேன். இன்னும் சத்தம் வை என்றான். வைத்தேன். கையை எடுத்தான், மறுபடி வைத்தான். நம்பர் பிளேட் கடகடவென்று அடித்துக்கொண்டது. ஐந்து நிமிடம் இருக்கும்.

"போதும்ணே, நிறுத்து" என்றான்.

நிறுத்தினேன். இன்ஜின் சத்தம் மட்டும் இருந்தது. அதையும் நிறுத்தச் சொன்னான்.

"நெஞ்சு வரைக்கும் வருது. அதோட நின்னுருது" என்றான். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தொடை ஆடுறது கைக்குத் தெரியுது. தொடைக்குத் தெரியல" என்றான்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் பாட்டுக் கேட்க வூஃபர் கேட்கவில்லை. பிறகு அவனே சொன்னான். கடைக்கு வருகிறவர்களிடம், நல்ல வூஃபர் என்றால் காதில் கேட்கக் கூடாது, தொடையில் தட்ட வேண்டும் என்று அவன் சொல்வானாம். திருச்சியில் அவன் காலில் ஊசியால் குத்திப் பார்த்தார்கள். ஐஸ் வைத்தார்கள், வெந்நீர் ஊற்றினார்கள், புதுக்கோட்டையில் கரண்ட்டுகூட வைத்துப் பார்த்தார்கள். இதை யாரும் வைத்துப் பார்க்கவில்லை. இரும்புக்குள்ளும் கண்ணாடிக்குள்ளும் போகிற சத்தம் சதைக்குள் போகாதா என்று அந்த நான்கு மாதமும் படுக்கையில் யோசித்திருக்கிறான். எத்தனை இஞ்சு, எந்த அளவுப் பெட்டி, எவ்வளவு தாழ்ந்த சத்தம் என்று மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டிருக்கிறான். கடையில் மாட்டியிருந்தால் எல்லார் முன்னாலும் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்திருக்கும். அதனால்தான் என்னை மாட்ட வைத்திருக்கிறான்.

"தெரியும்னு நெனச்சேண்ணே" என்றான். "கொஞ்சமாச்சும்."

நான் பதினான்கு வருடமாக அலைகள் பாடம் நடத்துகிறவன். சத்தம் சதையை ஆட்டும், ஆனால் ஆடியது என்கிற தகவலை மேலே கொண்டுபோகிற வழி அறுந்து கிடக்கிறது என்று முதல் நாளே சொல்லியிருக்க முடியும். எதற்கு வூஃபர் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். தொடையில் அந்தப் புண்ணும் வந்திருக்காது. ஆனால் கேட்டிருந்தால் இந்த வேலை நடந்த மூன்று மாதமும் அவன் என்னோடு பேசியிருக்கவும் மாட்டான். இதில் எது நல்லது என்று எனக்கு இன்னமும் சொல்லத் தெரியவில்லை. அன்று அவனிடம் நான் சொன்னது, பேட்டரி பழசு, புது பேட்டரி போட்டால் இன்னும் அதிரும் என்று. அவன் என்னைப் பார்த்தான். பொய் சொல்லும்போது நான் மூக்கைத் தொடுவேன் என்று சின்ன வயதில் இருந்தே அவனுக்குத் தெரியும். 

வீட்டுக்குப் போனதும் ஆத்தாவிடம், வூஃபர் நன்றாகப் பாடுகிறது என்று அவனே சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் ஆத்தா கொட்டகைப் பக்கம் வந்து டிக்கியைத் திறந்து காட்டச் சொன்னது.

பெட்டியைக் கழற்றிவிடலாமா என்று அடுத்த வாரம் கேட்டேன். இருக்கட்டும் என்றான். அடுத்த மாதமும் கேட்டேன். "கழட்டிட்டு?" என்று திருப்பிக் கேட்டான். வீல்சேர் வைக்கலாம், நாலு இடத்துக்குப் போகலாம் என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவன் கண்ணை மூடிக்கொண்டான். அதோடு நானும் விட்டுவிட்டேன். மூத்திரத்தில் கிருமி வந்து ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போனபோது வாசலில் வீல்சேர் எதுவும் இல்லை. அவனைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். எடை குறைந்துவிட்டிருந்தான். எனக்கு மூச்சு வாங்கவே இல்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மட்டும் அவனைக் காரில் வெளியே கூட்டிப்போகிறேன். அவன் கேட்பதில்லை. நான் தூக்க வந்தால் கையை என் கழுத்தில் போட்டுக்கொள்வான், அவ்வளவுதான். போன மாதம் சித்தன்னவாசல் வரைக்கும் போனோம். வண்டி நிறுத்துகிற இடத்தில் புளியமர நிழலாகப் பார்த்து நிறுத்தினேன். ஒரு கல்லூரி வேனில் வந்த பெண்கள் பாறையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பாதி ஏறியதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தவில் போட்டேன், சத்தம் குறைவாக வைத்து. அவன் கையை நீட்டி அணைத்தான்.

இளநீர் விற்கிறவர் இரண்டு இளநீரை வெட்டி ஜன்னல் வழியாகக் கொடுத்தார். வயதானவர். வண்டிக்குள்ளேயே அடைந்து உட்கார்ந்திருக்கிறோமே என்று, "தம்பி எறங்கி நெழல்ல நிக்கலாம்ல? மேல காத்து நல்லா வருது" என்றார். நான் முந்திக்கொண்டு, அவனுக்குக் காலில் வலி என்று சொன்னேன்.

அவர் போனதும் தம்பி இளநீரை மடியில் வைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தான். "கால்ல வலியாம்ல" என்றான். "அப்படி இருந்தா தேவலையே."

நான் வண்டியைக் கிளப்பினேன். அன்னவாசல் தாண்டினோம். பிறகு அவன் ஏசியைக் குறைக்கச் சொன்னான். குறைத்தேன். வழியில் எங்கேயும் நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து அவனைப் படுக்கையில் விட்டு, மூத்திரக் குழாய்ப் பையை மாற்றிவிட்டு வெளியே வந்தேன். என் மனைவி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எறங்குனாரா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

 மிச்சத் துணியை நானும் சேர்ந்து எடுத்தேன்.